'யூஸ்ட் டு', 'ஹேவ் டு' வந்தால் எந்த கொஸ்டின் டேக்?

வெள்ளவத்தையில் என்னிடம் ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகள் 'கேன்', 'வில்' வந்தால் கொஸ்டின் டேக்கை, அதாவது வசன முடிவில் 'இல்லையா?' என்பதுபோல ஒட்டுகிற குட்டிக் கேள்வியை, பட்டென்று எழுதிவிடுவார்கள். 'யூஸ்ட் டு', 'ஹேவ் டு', 'ஹேட் பெட்டர்' என்று வந்ததும் பேனா நின்றுவிடும். சிலர் எல்லாவற்றுக்கும் 'இஸின்ட் இட்' போட்டுவிடுவார்கள். தமிழில் எந்த வினைக்கும் ஒரே 'தானே' போதும் என்பதால் வருகிற பழக்கம் அது.

நான் சொல்லிக்கொடுக்கிற வழி இதுதான். டேக்கை யோசிக்க முதல், அந்த வசனத்தையே கேள்வியாக மாற்றுங்கள். கேள்வியில் முன்னுக்கு வந்து நிற்கிற துணைவினை எதுவோ, டேக்கிலும் அதுதான்.

'ட்ராம்ஸ் யூஸ்ட் டு ரன் இன் பெட்டா' என்ற வசனத்தை எடுப்போம். கொழும்பில் ட்ராம் 1960 வரை ஓடியது, இன்று இல்லை. அப்படி நின்றுபோன வழக்கத்துக்குத்தான் 'யூஸ்ட் டு'. கேள்வியாக்கினால் 'டிட் ட்ராம்ஸ் யூஸ் டு ரன்?' முன்னுக்கு வந்தது 'டிட்'. வசனம் உடன்பாடு, ஆகவே டேக் எதிர்மறை: 'டிடின்ட் தே?' அதையே 'தேர் யூஸ்ட் டு பி ட்ராம்ஸ்' என்று தொடங்கினால் 'டிடின்ட் தேர்?' என்று வரும். இந்த இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், காதுக்குப் பிடிபட்டுவிடும்.

'ஷீ ஹேஸ் டு கேட்ச் த 100 பஸ்' என்றால் கண் 'ஹேஸ்' மேல்தான் விழும். கேட்டுப் பாருங்கள்: 'டஸ் ஷீ ஹேவ் டு கேட்ச் இட்?' அப்போ 'டஸின்ட் ஷீ?' 'ஹேட் டு' என்றால் 'டிடின்ட்'. 'ஹேவ் காட் டு' மட்டும் வேறு. அங்கே 'ஹேவ்' முன்னுக்குப் போவதால் 'ஹேவின்ட்'.

பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது 'யூட்' என்ற சுருக்கத்தில். 'யூட் பெட்டர் டேக் அன் அம்ப்ரெல்லா', 'யூட் ராதர் வாக்'. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். பிறகு வருகிற சொல்லைப் பாருங்கள். 'பெட்டர்' என்றால் உள்ளே இருப்பது 'ஹேட்', டேக் 'ஹேடின்ட் யூ?' 'ராதர்' என்றால் 'வுட்', டேக் 'வுடின்ட் யூ?'

'ஓட் டு'வுக்கு (ought to) 'ஓடின்ட்'. பேச்சில் 'ஷுடின்ட்' என்றும் சொல்வார்கள். பரீட்சையில் முதலாவதையே எழுதுங்கள் என்பேன்.

கடைசியாக 'நீட்'. 'யூ நீட் டு பே' என்றால் 'டோன்ட் யூ?' 'யூ நீடின்ட் பே' என்றால் 'நீட் யூ?' 'யூ டோன்ட் நீட் டு பே' என்றால் 'டூ யூ?'