ரயில் பாதை ஓரத்தில் குடியிருப்போர் கவனிக்க வேண்டியவையும் சொல்ல வேண்டிய இடங்களும்

சுத்தியலும் ஸ்பேனரும் தோளில் தொங்க, தண்டவாளத்தின் கிளிப்புகளைத் தட்டிப் பார்த்தபடி நடந்து செல்லும் கீமேன் என்ற ரயில்வே ஊழியரைப் பாதையோரத்து ஊர்க்காரர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். அவர் தமக்கு ஒதுக்கப்பட்ட பகுதியை நாள்தோறும் நடந்தே சோதிக்கிறார். மழைக்காலத்தில் இரவு ரோந்தும் உண்டு. ஆனால் அவர் கடந்து சென்ற பின் அடுத்த முறை வரும் வரையிலான நேரத்தில் அந்தப் பாதையைக் காண்பவர்கள் வயலில் வேலை செய்வோரும், மாடு மேய்ப்போரும், வீட்டுக் கொல்லைப்புறம் பாதையைப் பார்த்தபடி அமைந்திருப்போருமே. அவர்கள் எதையாவது கண்டால் ரயில்வேக்குப் பயன்படும் விதத்தில் எப்படிச் சொல்வது என்பதுதான் முதலில் தெரிந்திருக்க வேண்டியது. கண்டவர் பலராக இருந்தும், இடத்தைத் தெளிவாகச் சொல்ல முடியாததால் தகவல் வீணாவதே வழக்கம்.

மின்மயமாக்கப்பட்ட பாதையில் மேலே செல்லும் மின்கம்பியைத் தாங்கி நிற்கும் ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு சிறு எண் பலகை இருக்கும். அதில் மேலே இருப்பது கிலோமீட்டர் எண். கீழே இருப்பது அந்தக் கிலோமீட்டருக்குள் அக்கம்பத்தின் எண். நேரான பாதையில் ஏறக்குறைய 60, 70 மீட்டருக்கு ஒரு கம்பம் நடப்படுவதால், ‘412-க்குக் கீழே 18’ என்று சொன்னால் போதும், இடம் அந்த அளவுக்குத் துல்லியமாகிவிடும். ‘பெரிய புளியமரத்துக்குப் பக்கத்தில்’ என்ற அடையாளம் ஊர்க்காரருக்கு விளங்கலாம். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருப்பவருக்கு விளங்காது. ரயில்வே கேட்டுகளுக்கும் பாலங்களுக்கும் இதேபோல் எண்கள் உண்டு. தம் வீட்டிலிருந்து தெரியும் இரண்டு கம்பங்களின் எண்களையும், அருகிலுள்ள கேட்டின் எண்ணையும், ரயில் நிலையத்தின் தொலைபேசி எண்ணையும் கைபேசியில் இன்றே பதிந்து வைத்துக்கொள்வது நல்லது. பலகையைப் படிப்பதற்காகத் தண்டவாளத்தில் ஏற வேண்டியதில்லை. வேலிக்கு வெளியிலிருந்தே கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

யாரிடம் சொல்வது என்பதில் வரிசை முக்கியம். ரயில் வந்துவிடக்கூடும் என்ற நிலையில், அருகில் கேட் இருந்தால் கேட் கீப்பரிடம் நேரில் சொல்வதே மிக விரைவான வழி, ஏனெனில் அவருடைய அறையில் உள்ள தொலைபேசி நேரே ஸ்டேஷன் மாஸ்டரிடம் பேசுகிறது, ஸ்டேஷன் மாஸ்டரால் சிக்னலைச் சிவப்பாக்க முடியும். கேட் இல்லாத இடத்தில் நிலையத்துக்கோ, 139 என்ற ரயில்வே உதவி எண்ணுக்கோ அழைக்க வேண்டும். முன்பு பாதுகாப்புக்கென்று தனியாக இருந்த 182 என்ற எண் 2021-இல் 139-உடன் இணைக்கப்பட்டுவிட்டது. பல நிலையச் சுவர்களில் பழைய எண் இன்னும் அழிக்கப்படாமல் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருட்டு, தகராறு, பெண் பயணிகளுக்குத் தொல்லை போன்ற குற்றங்களுக்கு மாநில அரசின் இருப்புப்பாதைக் காவல் துறையை 1512-இல் அழைக்கலாம். ரயில்வே பாதுகாப்புப் படை மத்திய அரசுடையது, இருப்புப்பாதைக் காவல் மாநில அரசுடையது என்ற வேறுபாட்டைக் குறித்து அழைப்பவர் கவலைப்பட வேண்டாம். யாரிடம் சொன்னாலும் உரியவருக்குப் போய்ச் சேரும்.

எவற்றைக் கவனிக்க வேண்டும்? தண்டவாளத்தின் மீது கல், மரக்கட்டை, இரும்புத் துண்டு, சிலிண்டர் என எது கிடந்தாலும் தகவல் சொல்ல வேண்டும். அறிமுகமில்லாத பையையோ பெட்டியையோ தொட்டுப் பார்க்கவோ நகர்த்தவோ கூடாது. சீருடையோ ஆரஞ்சு நிற மேல்சட்டையோ இல்லாதவர்கள் கிளிப்பையோ போல்ட்டையோ கழற்றுவதைக் கண்டால், அவர்களோடு மோதாமல் ஒதுங்கி நின்று உடனே அழைக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களின் விடியற்காலைக் குளிரில் தண்டவாளம் சுருங்குவதால், பற்றவைத்த இடத்தில் விரிசல் விடுவது உண்டு. பாதையோரத்தில் ஆண்டுக்கணக்கில் குடியிருப்பவர்களுக்கு ரயில் ஓடும் தாளம் பழகிப்போயிருக்கும். ஒரே இடத்தில் ஒவ்வொரு சக்கரமும் ‘டக்’ என்று ஓங்கி அடித்துச் செல்வது அன்று புதிதாகக் கேட்டால், அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஓடும் ரயிலின் சக்கரத்தருகே புகையோ தீப்பொறியோ தெரிந்தால், ரயில் சென்ற திசை, நேரம், என்ஜினிலிருந்து ஏறக்குறைய எத்தனையாவது பெட்டி ஆகிய மூன்றையும் சொன்னால், அடுத்த நிலையத்திலேயே நிறுத்திப் பார்த்துவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் பாதைக்கு வரும் பேராபத்து பெரும்பாலும் தண்ணீரால் வருகிறது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சேதமடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பால் ஜல்லி முழுவதும் அரித்துச் செல்லப்பட்டுத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியபோது, திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நிலையத்திலேயே நிறுத்தப்பட்டதால் சுமார் 800 பேர் தப்பினர். அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டவர்கள் பக்கத்திலிருந்த புதுக்குடி மக்கள். உடைந்தால் பாதையைப் பாதிக்கக்கூடிய ஏரி, குளங்களின் பட்டியலை ரயில்வே வைத்திருக்கிறது. ஆயினும் கரையில் கசிவு தொடங்குவது முதலில் ஊராருக்குத்தான் தெரியும். அப்போது கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்வதோடு ஸ்டேஷன் மாஸ்டரிடமும் சொல்ல வேண்டும். பாதைக்கு அடியில் செல்லும் சிறு பாலங்களின் வாயில் பிளாஸ்டிக்கும் கோழிக் கழிவும் அடைத்துக்கொள்வதை ஐப்பசிக்கு முன்பே ஊராட்சியில் சொல்லி அகற்றச் செய்வது எளிய வேலை. ஏனோ அதைத்தான் யாரும் செய்வதில்லை.

தகவல் சொல்ல நேரமில்லாமல் ரயிலை நிறுத்தியே ஆக வேண்டிய கட்டம் அபூர்வமாக வரும். 2024 பிப்ரவரியில் தென்காசி மாவட்டம் புளியரை அருகே பிளைவுட் ஏற்றிவந்த லாரி சாலையிலிருந்து கவிழ்ந்து நள்ளிரவில் ரயில் பாதையில் விழுந்தபோது, அருகில் குடியிருந்த முதிய தம்பதியர் டார்ச் லைட்டுடன் ஓடிச்சென்று ரயிலை நிறுத்தினர். முதலமைச்சர் 5 லட்சம் ரூபாய் வழங்கினார். அவர்கள் செய்தது ரயில்வேயின் விதிகளுக்கும் பொருந்துகிறது: பகலில் சிவப்புத் துணி அல்லது தலைக்கு மேல் உயர்த்திய இரண்டு கைகள், இரவில் சிவப்பு விளக்கு அல்லது பக்கவாட்டில் வேகமாக வீசப்படும் வெள்ளை விளக்கு ஆகியவற்றை லோகோ பைலட் (ரயில் ஓட்டுநர்) ‘நில்’ என்றே எடுத்துக்கொள்வார். தடை இருக்கும் இடத்தில் நின்று கையசைப்பதால் பயனில்லை. விரைவு ரயில் நிற்பதற்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தேவைப்படலாம். ரயில்வே ஊழியர்களே, சக்கரம் ஏறியதும் ஓசையுடன் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் வெடிகளைத் தடையிலிருந்து 600, 1,200 மீட்டர் தொலைவில் வைக்கிறார்கள். ஆகவே ரயில் வரும் திசையை நோக்கி, பாதைக்கு வெளியே, இயன்ற தொலைவு ஓட வேண்டும். ஒற்றைப் பாதையில் எந்தப் பக்கமிருந்தும் ரயில் வரலாம் என்பதால் திசைக்கு ஒருவராகப் பிரிந்து செல்ல வேண்டும்.

கேட்டைக் கடப்பதைப் பொறுத்தவரை, மூடிய கேட்டுக்கு அடியில் இருசக்கர வாகனத்தைச் சாய்த்து நுழைப்பதும், திறக்கச் சொல்லி கேட் கீப்பரோடு சண்டையிடுவதும் நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டன. அந்த நெருக்கடியில் கேட் கீப்பர் தவறிழைத்தால் பலியாவது வேறொருவர். கேட்டை உடைப்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். கேட் திறந்திருந்தாலும் இரு பக்கமும் பார்த்துக் கடக்க வேண்டும் என்பதற்கு, 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்ததே போதும். பள்ளி வாகன ஓட்டுநரிடம் இதைப் பெற்றோர் நேரிலேயே சொல்லி வைக்கலாம்.

மேலே செல்லும் மின்கம்பியில் 25,000 வோல்ட் பாய்கிறது. தொடாமலேயே, நெருங்கினாலே தாக்கும். நின்றிருக்கும் சரக்கு ரயிலின் மேல் ஏறிப் படம் எடுப்பதும், கம்பியில் சிக்கிய பட்டத்தை இரும்புக் கழியால் எடுப்பதும் உயிரைக் குடிக்கும். கம்பி அறுந்து கிடந்தால் யாரையும் அண்டவிடாமல் காத்துக்கொண்டே தகவல் சொல்ல வேண்டும்.

கல்லெறியும் பிள்ளைகளின் விஷயத்தில் பெரியவர்கள் சற்று அதிகமாகவே மெத்தனம் காட்டுகிறார்கள். ஓடும் ரயிலின் வேகமும் கல்லின் வேகத்தோடு சேர்வதால் சன்னலோரப் பயணியின் கண் போய்விடும். பயணிகளுக்குத் தீங்கு செய்யும் நோக்கில் எறிவதற்கு ரயில்வே சட்டத்தின் 152-ஆவது பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். அதே இடத்தில் அடிக்கடி நடந்தால், இடத்தையும் நேரத்தையும் குறித்து ரயில்வே பாதுகாப்புப் படையிடம் கொடுத்துப் பள்ளியில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துமாறு கேட்கலாம். அதை அவர்கள் செய்து தருவார்கள்.

உடைந்த வேலி, எரியாத விளக்கு, தண்ணீர் தேங்கும் சுரங்கப்பாதை போன்ற அவசரமில்லாக் குறைகளை ரயில்வேயின் புகார் இணையதளமான ‘ரயில் மதத்’ (Rail Madad) தளத்தில் புகைப்படத்துடன் பதிவு செய்து, கிடைக்கும் குறிப்பு எண்ணைப் பத்திரப்படுத்த வேண்டும். பதில் வராவிட்டால் அந்த எண்ணையும் கம்பத்தின் எண்ணையும் எழுதி, தெற்கு ரயில்வேயின் உரிய கோட்ட மேலாளருக்கு ஊர்ப் பெயரில் பத்துப் பேர் கையெழுத்திட்ட மனுவாகப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.