கொரியாவில் மொறுமொறு சிக்கன் கிடைக்க

பெட்டியைத் திறந்தால் நமுத்துப்போன சிக்கன். பெரும்பாலும் கடை மேல் குற்றமில்லை. மூடிய பெட்டிக்குள் ஆவி அடைத்து மாவு ஊறிவிடுகிறது. எனக்குப் பலன் தந்தது 'போஜாங்', அதாவது நடந்துபோய் நாமே வாங்கி வருவது. டெலிவரி கட்டணமும் மிச்சம். வரும் வழியில் மூடியைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள்.

முதல் தடவை 'பன்பன்' கேளுங்கள்: பாதி சாதா (ஹுராயிடு), பாதி இனிப்புக் காரச் சாஸ் புரட்டியது (யாங்னியோம்). சாதா பாதியிலேயே கடையின் எண்ணெய் லட்சணம் தெரிந்துவிடும். சாஸ் தனியாக வேண்டுமென்றால் 'சோஸ் தாரோ'. எலும்பில்லாததற்கு 'சுன்சால்', அதில் பிரேசில் கோழி அதிகம், விலைப்பட்டியலில் எந்த நாட்டுக் கறி என்று போட்டிருக்கும். நான் எலும்போடுதான் வாங்குவேன், சாறு வற்றாது. கூட வரும் வெள்ளை முள்ளங்கி ஊறுகாயை ஒதுக்கிவிடாதீர்கள், எண்ணெய்த் திகட்டலுக்கு அதுதான் மருந்து.

டெலிவரி ஆப்பில் தகராறு வருவது அடையாளச் சரிபார்ப்பில்தான். வெளிநாட்டவர் பதிவு அட்டையில் பெயர் எந்த வரிசையில், எந்த இடைவெளியோடு இருக்கிறதோ, சிம் பதிவிலும் அப்படியே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபோன் கடைக்கு அட்டையோடு போய்த் திருத்துங்கள். வெளிநாட்டு கார்டு ஏறாவிட்டால் 'மன்னாசோ கியோல்ஜே', அதாவது கையில் வாங்கும்போது பணம் கொடுப்பது, இருக்கிறதா பாருங்கள்.

கடை தேட நேவர் மேப், அதாவது கொரியர்களின் வரைபட ஆப். கூகுளில் சின்னக் கடைகள் பல தட்டுப்படாது. முழுக்கோழிப் பொரியலுக்கு சுவோன் நகரின் தொங்தாக் தெரு, பல்தல்முன் வாசலுக்குப் பக்கத்திலேயே.

மிஞ்சியதை மைக்ரோவேவில் வைக்காதீர்கள். ஏர் ஃபிரையரில் 180 டிகிரி, 5-6 நிமிடம். சாஸ் புரட்டியது என்றால் 160, இல்லாவிட்டால் சர்க்கரை கருகும்.