திருவருகைக் கால வளையம் செய்யும் முறை

திருவருகைக் காலம் என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட ஆயத்தக் காலம். அதற்கான வளையத்துக்கு, ஓர் அடி அகலக் கம்பி வளையத்தில் சவுக்குக் கொத்துகளை நூலால் நெருக்கிக் கட்டுங்கள். முடிவில்லாத வட்டம் கடவுளையும், பசுமை நிலைவாழ்வையும் குறிக்கும். 1839-இல் ஹாம்பர்க்கில் விக்கெர்ன் என்ற போதகர், ஆதரவற்ற சிறுவர்களுக்காக வண்டிச் சக்கரத்தில் தொடங்கிய வழக்கம் இது.

ஊதா மெழுகுவர்த்தி மூன்று, ரோஸ் ஒன்று. ஊதா மனமாற்றத்துக்கு, ரோஸ், மகிழ்ச்சி ஞாயிறான மூன்றாம் ஞாயிறுக்கு. பலர் அதை நான்காவதாக ஏற்றிவிடுகிறார்கள். வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுங்கள். முதலாவது குட்டையாகிவிடும், அதை மாற்ற வேண்டாம். நடுவில் வைக்கும் வெள்ளை மெழுகுவர்த்தி கிறிஸ்துவைக் குறிக்கும். அதை டிசம்பர் 24-ஆம் தேதி இரவுதான் ஏற்ற வேண்டும்.

காய்ந்த சவுக்கு சட்டெனப் பற்றும். வாரந்தோறும் புதுக்கொத்து மாற்றுங்கள். மெழுகுவர்த்தி இலைமட்டத்திலிருந்து நாலு விரல் உயரத்துக்குக் குறைந்ததும், அடியில் தகரக் கிண்ணம் வைத்து உயர்த்துங்கள்.