புது சிபாப் மெஷினில் காற்று சரியில்லையா? எண்ணில் கைவைக்கும் முன் பார்க்க வேண்டியவை

சித்தப்பாவின் போன் ராத்திரி பதினோரு மணிக்கு வந்தது. “தம்பி, இந்த மெஷின்ல காத்தே வரமாட்டேங்குதுப்பா. மூச்சு முட்டுது. பேசாம பழையபடி குறட்டை விட்டே தூங்கிக்கிறேன்.” தூக்கத்தில் மூச்சுத் தடை வராமலிருக்க மாஸ்க் வழியாகக் காற்று ஊதும் சிபாப் மெஷின் வீட்டுக்கு வந்து அன்றைக்கு இரண்டாவது நாள். அதற்கு முந்தின வாரம் அலுவலக நண்பர் ஒருவர் நேர்மாறாகப் புலம்பியிருந்தார்: “புயல் அடிக்குது சார். மூஞ்சியே பிய்ஞ்சு போற மாதிரி இருக்கு.” இருவரும் முடிவில் கேட்டது ஒரே கேள்விதான். அழுத்தத்தை எப்படி மாற்றுவது?

நானும் ஆறு வருஷமாக மாஸ்க் போட்டுத் தூங்குகிறவன். இருவரின் தொல்லையும் ஒரு வாரத்துக்குள் தீர்ந்தது. நண்பருக்கு முடிவில் பழைய எண்ணே நின்றது. சித்தப்பாவுக்கு மாறியது, ஆனால் டாக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்த எண்ணுக்குத்தான் மாறியது.

இந்த எண் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். சிபாப் மெஷின் ஆக்சிஜன் மெஷின் இல்லை. நிறைய பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, லேசான அழுத்தத்தோடு மூக்குக்குள் அனுப்புகிறது, அவ்வளவுதான். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்ளாமல் அந்தக் காற்று முட்டுக்கொடுத்து நிற்கிறது. எத்தனை சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் என்பதுதான் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஸ்ட்ராவை 10 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி மெதுவாக ஊதிப் பாருங்கள். முதல் குமிழி வெளியே வரும்போது உங்கள் வாய் கொடுக்கிற அழுத்தம்தான் 10. இதைச் செய்து காட்டியதும் நண்பருக்குப் பாதி பயம் போய்விட்டது. வீட்டு மெஷின்கள் பொதுவாக 4 முதல் 20 வரை கொடுக்கும். 1980இல் சிட்னியில் காலின் சல்லிவன் வேக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்து இந்தச் சிகிச்சையைத் தொடங்கினார். மறு வருஷம் அவர் எழுதியது ஐந்து நோயாளிகளைப் பற்றி; அவர்களுக்குத் தேவைப்பட்டது 4.5 முதல் 10 வரைதான்.

விழித்திருக்கும்போது தீர்ப்புச் சொல்வது

பெரும்பாலானவர்கள் செய்வது இது: கட்டிலில் உட்கார்ந்து, மெஷினைப் போட்டுவிட்டு, மாஸ்க்கைக் கையில் பிடித்தபடி முகத்துக்குக் கொண்டுபோவார்கள். காற்று பீய்ச்சி அடிக்கும். “ஐயோ, இவ்வளவா!” மாஸ்க் முகத்தில் ஒட்டாதவரை காற்றெல்லாம் வெளியே ஓடுகிறது. குறித்த அழுத்தத்தைப் பிடித்து நிறுத்த முடியாமல் மெஷின் இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. மாஸ்க்கை மாட்டி, படுத்து, அப்புறம் சுவிட்சைப் போட்டால் அதே எண் சாதுவாக இருக்கும். நண்பரின் புயலில் பாதி இதுதான்.

சீட்டில் ஒன்று, மெஷினில் ஒன்று

சித்தப்பாவின் கதை வேறு. அவருடையது இரண்டு எண்களுக்குள் தேவைக்கேற்ப அழுத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும் ஆட்டோ மெஷின். டாக்டர் சீட்டில் 7 முதல் 13 என்று தெளிவாக எழுதியிருந்தார். மெஷினைக் கொண்டுவந்த பையன் தண்ணீர்த் தொட்டி, குழாய், மாஸ்க் எல்லாம் மாட்டிக் காட்டிவிட்டு, எண்ணை மட்டும் மாற்றாமலே போய்விட்டான். கம்பெனியிலிருந்து வந்தபடி 4–20 என்றே இருந்தது. பெரிய உடம்புக்காரர் விழித்திருக்கும்போது 4இல் மூச்சு இழுத்தால், தடித்த துணிக்குள் மூச்சு விடுவது போலத்தான் இருக்கும். மாஸ்க்கில் இருக்கும் சிறு துளைகள் வழியாகத்தான் நாம் விட்ட மூச்சு வெளியேறுகிறது. அழுத்தம் குறைவாக இருந்தால் அந்த வெளியேற்றமும் மந்தமாகிவிடும். ‘காற்று வரவில்லை’ என்ற உணர்வு அங்கிருந்து வருகிறது. இதற்கு மருந்து 20ஐ 25 ஆக்குவது இல்லை, கீழ் எண்ணைச் சரிசெய்வதுதான்.

அதனால் மெஷின் வந்த அன்றே, கொண்டுவந்தவர் வாசலைத் தாண்டும் முன், சீட்டை எதிரில் வைத்துக்கொண்டு மூன்றைக் கேளுங்கள்: நிலையான அழுத்தமா ஆட்டோவா, கீழ் எண் என்ன, மேல் எண் என்ன. திரையில் காட்டச் சொல்லி போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

ரேம்ப் என்கிற இரண்டு பக்கக் கத்தி

ரேம்ப் என்பது குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்றும் வசதி. படுத்ததும் தூக்கம் வராதவருக்கு வரப்பிரசாதம். ஆனால் சிலர் 45 நிமிஷம் வைத்துவிடுகிறார்கள். ஐந்தே நிமிஷத்தில் தூங்கிப்போகிற ஆளுக்கு மிச்ச 40 நிமிஷமும் குறைந்த அழுத்தம். குறட்டையும் மூச்சுத் தடையும் அதற்குள் ஒரு சுற்று வந்துவிடும். நடு ராத்திரி எழுந்து வந்து மறுபடி போட்டால் மறுபடியும் அதே கதை. ஆட்டோ ரேம்ப் இருந்தால் அதுவே நல்லது. தூங்கியது தெரிந்த பிறகே அது ஏறத் தொடங்கும். இன்னொன்று, ரேம்ப் 4இல் தொடங்கி மூச்சு முட்டினால், நேரத்தை நீட்டுவதை விடத் தொடக்க எண்ணை 5, 6 என்று ஏற்றக் கேட்பது பலன் தரும்.

மூச்சு விடும்போது எதிர்க்காற்று தள்ளுகிறது என்பவர்களுக்கு வேறொரு வசதி உண்டு. ரெஸ்மெட் மெஷினில் ஈ.பி.ஆர்., பிலிப்ஸில் சி-ஃப்ளெக்ஸ் என்று பெயர். ஈ.பி.ஆரில் 1, 2, 3 என்று மூன்று படிகள். 3 வைத்தால் மெஷின் 8இல் ஓடும்போதும் மூச்சு விடுகையில் 5க்கு இறங்கும். சுகமாகத்தான் இருக்கும். ஆனால் முட்டுக்கொடுக்கும் காற்றும் அந்த நேரத்தில் இறங்குகிறது என்பதை மறக்கக்கூடாது. இதைக் கூட்டிய பிறகு காலையில் திரையில் மூச்சுத் தடைக் கணக்கு ஏறினால், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

லீக் ஆனால் இறுக்குவது

நான் செய்த தவறு இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எனக்கு மெஷின் வந்த முதல் வாரம் கண்ணுக்குள் காற்று அடித்தது. பட்டையை இறுக்கினேன். மறுநாளும் அடித்தது, இன்னும் இறுக்கினேன். காலையில் மூக்குத் தண்டில் கண்ணாடி உடைந்து குத்தியது போல ஒரு சிவப்புக் கோடு. திரையில் லீக் 38 லிட்டர். ரெஸ்மெட் மெஷின்களில் நிமிஷத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அது பெரிய லீக். (மாஸ்க் துளைகள் வழியே போக வேண்டிய காற்று அந்தக் கணக்கில் வராது. சில கம்பெனிகள் அதையும் சேர்த்துக் காட்டும், அதனால் உங்கள் மெஷினின் கணக்கை விசாரித்துக்கொள்ளுங்கள்.)

மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு காற்று நிரம்பி உப்பி முகத்தோடு ஒட்ட வேண்டிய பொருள். இறுக்கினால் நசுங்கி மடிகிறது, மடிந்த இடத்தில் வழி விடுகிறது. சரியான முறை இதுதான்: மாஸ்க்கை மாட்டி, மெஷினைப் போட்டு, நீங்கள் தூங்கும் அதே தலையணையில் அதே பக்கம் படுத்துக்கொண்டு பட்டைகளை முழுக்கத் தளர்த்துங்கள். மாஸ்க்கை முகத்தைவிட்டு அரை அங்குலம் இழுத்து மெல்ல விடுங்கள். விளிம்பு தானாக உட்காரும். அப்புறம் காற்று நிற்கும் அளவுக்கு மட்டும், இரண்டு பக்கமும் சமமாக இழுங்கள். உட்கார்ந்து சரிபார்த்த மாஸ்க் படுத்தால் நழுவும், ஏனென்றால் படுத்ததும் கன்னத்துச் சதை இடம் மாறுகிறது. எனக்கு அன்று ராத்திரியே லீக் 38இலிருந்து 6 ஆகக் குறைந்தது.

இன்னொரு சங்கதி, நம் ஊர்க்காரர்களுக்காகவே. தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு படுத்தால் பட்டை வழுக்கும், எண்ணெய் நெற்றியில் இறங்கிச் சிலிக்கானைத் தொட்டால் மாஸ்க்கும் வழுக்கும். படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். எண்ணெயைப் பகலில் வைத்துக்கொள்ளலாம். முறுக்கு மீசைக்காரர்களுக்கு மூக்கு மாஸ்க் ஒட்டாது. மூக்குத் துவாரத்தில் உட்காரும் பில்லோ வகையைக் கேட்டுப் பார்க்கலாம்.

மாஸ்க் வகையை மாற்றினால் மெஷினின் மெனுவிலும் மாற்ற வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. முழுமுக மாஸ்க்கா, மூக்கு மாஸ்க்கா, பில்லோவா என்பதை வைத்துத்தான் மெஷின் கணக்குப் போடுகிறது. குழாயும் அப்படித்தான், தடித்த குழாய்க்குப் பதில் மெல்லிய குழாய் போட்டு மெனுவில் சொல்லாமல் விட்டால் முகத்துக்கு வரும் அழுத்தம் பிசகும்.

மூக்கு அடைத்திருக்கிறது, பழி மெஷினுக்கு

மூக்கு மாஸ்க் போட்டவருக்கு மூக்கடைப்பு இருந்தால் எந்த எண்ணும் உதவாது. சளி, அலர்ஜி, வளைந்த மூக்குத் தண்டு எதுவானாலும் முதலில் அதைப் பாருங்கள். படுக்கும் முன் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர் ஸ்பிரே பலருக்குப் போதும். அடைப்பைச் சட்டென்று திறக்கும் சொட்டு மருந்தை நாள்கணக்கில் போட்டால் அடைப்பு முன்னைவிட மோசமாகும்.

காலையில் வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டால், தூக்கத்தில் வாய் திறந்து காற்று அந்த வழியே போகிறது என்று அர்த்தம். இதையும் ‘அழுத்தம் போதவில்லை’ என்றுதான் பலர் சொல்வார்கள். தாடைப்பட்டையோ முழுமுக மாஸ்க்கோ தேவைப்படலாம்.

வயிறு உப்பி, விடியற்காலையில் ஏப்பமாக வருகிறதா? காற்றை விழுங்குகிறீர்கள். அழுத்தம் தேவைக்கு மேல் போனாலும் இப்படி ஆகும், லீக்கைத் துரத்தி ஆட்டோ மெஷின் எகிறினாலும் ஆகும். லீக்கைச் சரிசெய்து, தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்திப் படுத்துப் பாருங்கள். உயர்த்துவதென்றால் முதுகோடு சேர்த்துச் சரிவாக. இரண்டு தலையணையை அடுக்கித் தலையை மட்டும் தூக்கினால் தாடை மார்பில் இடித்துத் தொண்டை மடங்கும்; மெஷின் எவ்வளவு ஊதினாலும் அந்த மடிப்பு திறக்காது.

குழாயில் தண்ணீர், ஃபில்டரில் தூசி

ஏசி அறையில் படுத்திருக்கிறீர்கள், குழாயில் களகளவென்று சத்தம், காற்று விட்டுவிட்டு வருகிறது. அது அழுத்தக் கோளாறு இல்லை. தொட்டித் தண்ணீரால் காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபயரின் வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த குழாயில் தண்ணீராகிறது. ஈரப்பத அளவை ஒரு படி குறையுங்கள், குழாய்க்குத் துணியுறை போடுங்கள், மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வையுங்கள். தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கி வைத்த கேன் வேண்டாம்.

ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரோட்டோர வீடு என்றால் புத்தகத்தில் போட்டிருக்கும் கெடுவுக்கு முன்பே கறுத்துவிடும். கறுத்தால் மாற்றுங்கள்.

தினமும் எண்ணைத் திருகுவது

இணையத்தில் வீடியோ பார்த்து மருத்துவர் மெனுவுக்குள் போவது சுலபம். நண்பர் போனார். முதல் நாள் மேல் எண்ணை 8க்குக் குறைத்தார். மூச்சுத் தடை மணிக்கு 14 முறை. பயந்துபோய் மறுநாள் 18க்கு ஏற்றினார். வயிறு உப்பி, மாஸ்க் சீறி, மூன்று மணிக்குக் கழற்றி எறிந்தார். ஒரு ராத்திரிக் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மல்லாந்து படுத்தீர்களா, ஒருக்களித்தா, குடித்தீர்களா, சளியா என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. ஒன்றை மாற்றினால் குறைந்தது நான்கைந்து நாள் அப்படியே விட்டுப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

திரையில் ஏ.ஹெச்.ஐ. என்று வருவது மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு. 5க்குக் கீழே இருந்தால் நல்லது. அதற்கு மேல் இருந்தால் எந்த வகை என்று பாருங்கள். தொண்டை அடைத்து நிற்பது ஒன்று. பாதை திறந்திருந்தும் மூளை மூச்சு விடச் சொல்ல மறப்பது இன்னொன்று. இரண்டாவது வகையில் அழுத்தத்தை ஏற்றினால் சிலருக்கு நிலைமை மோசமாகும். சொந்தமாகத் திருகாதீர்கள் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பெரியப்பா வைத்திருந்த மெஷினை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அதில் இருப்பது அவருடைய எண். கூடவே இன்னொரு சிக்கல்: உள்ளே இருக்கும் சத்தத்தடுப்பு நுரை சிதையக்கூடும் என்பதால் பிலிப்ஸ் 2021 ஜூனில் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. 2021 ஏப்ரல் 26க்கு முன் தயாரானவை அவை. பழைய மெஷின் கைக்கு வந்தால் மாடலையும் தேதியையும் பார்த்துவிடுங்கள்.

எப்போது டாக்டரிடம்

மாஸ்க், மூக்கு, ரேம்ப், குழாய் எல்லாம் பார்த்தாகிவிட்டது, லீக்கும் இல்லை. இருந்தும் இரண்டு வாரமாக ஏ.ஹெச்.ஐ. 5ஐத் தாண்டுகிறது அல்லது பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொக்குகிறது என்றால் எண்ணை மாற்ற வேண்டிய நேரம் வந்திருக்கலாம். அதை மாற்ற வேண்டியவர் டாக்டர். இதயம் பலவீனமானவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள், பலமான வலி மாத்திரை எடுப்பவர்கள் இரண்டு வாரம் காத்திருக்கவே வேண்டாம். சிலருக்கு மூச்சு இழுக்க ஒரு அழுத்தம், விட ஒரு அழுத்தம் என்று தனித்தனியாக வைக்கும் பைபாப் தேவைப்படும். பத்து கிலோ ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் அதையும் சொல்லுங்கள்.

போகும்போது மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பவர் அடாப்டர், குழாய், நீங்கள் நிஜமாகப் போட்டுத் தூங்கும் மாஸ்க், உள்ளே மெமரி கார்டு இருந்தால் அது, எல்லாம் பையில் இருக்கட்டும். தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு எடுங்கள். சித்தப்பா கொட்டாமல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார். தண்ணீர் மெஷினுக்குள் இறங்கி, அது காய மூன்று நாள் ஆனது.