விரல் இடுக்கு காயணும்: மழைக்காலத்தில் நாயின் பாதம்

எங்கள் சாளை, அதாவது தோட்டத்து வீடு, காங்கேயத்துக்குத் தெற்கே இருக்கிறது. வருஷத்தில் பாதி நாள் வானத்தை அண்ணாந்து பார்க்கிற மண். ஆனால் ஐப்பசியில் நாலு மழை சேர்ந்து விழுந்தால் இட்டேரிப் பாதை முழுக்கச் சேறுதான். எங்கள் நாய் செவலை காலையில் ஆட்டுப் பட்டிக்குப் போய்த் திரும்பும்போது நாலு காலிலும் மண் சட்டி மாட்டின மாதிரி வரும்.

வாசல் திண்ணையோரம் ஒரு பழைய குண்டாவில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்திருப்பேன். சோப்பு வேண்டாம். ஒவ்வொரு காலாக முக்கி, ஒட்டின மண்ணைக் கட்டைவிரலால் தடவிக் கரைக்கணும். காய்ந்த கட்டியைப் பிய்த்தால் முடியும் சேர்ந்து வரும், அடுத்த நாள் நாய் காலையே தராது.

கழுவுவது ரெண்டு நிமிஷம். துடைக்கத்தான் பொறுமை வேண்டும். திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் எங்களுக்குப் பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கும். அதில் பருத்தியாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்ளுங்கள், பாலியஸ்டர் ஈரத்தைச் சரியாக உறிஞ்சாது. விரல் அகலத்துக்கு ஒரு துண்டைக் கிழித்து, விரல்களுக்கு நடுவே மேலிருந்தும் அடியிலிருந்தும் நுழைத்து ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. பாதத்தின் அடியில் மெத்தென்று இருக்கும் பெரிய மெத்தைக்கும் விரல் மெத்தைகளுக்கும் நடுவே ஒரு குழி இருக்கும். எல்லோரும் விட்டுவிடுகிற இடம் அதுதான்.

போன மழைக்கு நான் ஒரு கூத்து செய்தேன். கழுவின கையோடு, ஈரத்தின் மேலேயே தேங்காயெண்ணெயை வழித்துப் பூசினேன். ரெண்டு வாரத்தில் ராத்திரியெல்லாம் சளக் சளக்கென்று நக்குகிற சத்தம். டார்ச் அடித்து விரலை விரித்தால் தோல் சிவந்து, வெள்ளை முடி துருப்பிடித்த நிறத்துக்கு மாறி, புளித்த மாவு வாடை. “ஈரத்தை உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்களேங்க” என்றார் கால்நடை மருத்துவர். ஈரம் தங்கினால் ஈஸ்ட் பூஞ்சை பெருகும், அரிப்புக்கு நாய் நக்கும், நக்கினால் இன்னும் ஈரம். அந்தத் துரு நிறம் எச்சிலால் வருவது. இப்போது எண்ணெயெல்லாம் சித்திரை வெயிலில் மெத்தை வெடித்தால் மட்டும்.

மெத்தைகளுக்கு நடுவே நீளும் முடியை, முனை மழுங்கிய கத்தரிக்கோலால் மெத்தை மட்டத்துக்கு வெட்டி விடுங்கள். உள்ளே விட்டுக் குடைய வேண்டாம். மருமகள் ஆன்லைனில் நாய்ச் செருப்பு வாங்கித் தந்தாள். செவலை கொக்கு மாதிரி நாலடி நடந்தது, அப்புறம் ஒன்றைக் கடித்துக் குதறியது. அதோடு சரி.

நனைந்த மெத்தை இளகியிருக்கும். வேலமுள் சுலபமாக ஏறும். அதனால் துடைக்கும்போதே விரலால் தடவிப் பாருங்கள், உண்ணி இருந்தாலும் தட்டுப்படும். முள்ளை முள்வாங்கியால் எடுத்துவிட்டு, பெட்டாடினைப் பால் ஊற்றாத டீ நிறத்துக்குத் தண்ணீரில் கலந்து ஒற்றலாம். ஃபினாயில், டெட்டால் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். அது நக்கி உள்ளே போகும்.

ஒரே காலை மட்டும் நக்கினால் முள்ளோ வெட்டோ இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். நாலு காலையும் நக்கினால் பெரும்பாலும் தோல் நோவு, அலர்ஜியாகக்கூட இருக்கலாம். வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, காலை ஊன்றாவிட்டாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். தேங்கின தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருந்தால் காலில் உள்ள கீறல் வழியாக எலிக்காய்ச்சல் ஏறும். நாய்க்கு அதற்கு வருஷா வருஷம் போடும் தடுப்பூசி இருக்கிறது. நமக்கும் அந்தக் காய்ச்சல் வரும் என்பதால், கையில் கீறல் இருக்கிற நாளில் நான் கையுறை போட்டுத்தான் கழுவுகிறேன்.

படுக்கிற இடமும் காயணும். கட்டுத்தறி ஓரத்தில் ரெண்டு செங்கல் மேல் பலகை போட்டு, அதன் மேல் சாக்கு விரித்திருக்கிறேன். தினமும் மாற்ற ரெண்டு சாக்கு வேண்டும். ரெண்டும் காயாத நாளில் என் பழைய போர்வைதான்.