தாலுகா அலுவலகத்துக்கு முன் அத்தை வீட்டுக்குப் போங்கள்

பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை வைத்துத்தான் பயணம் என்பதால், வெளிநாட்டிலிருந்து காவிரி டெல்டாவுக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் ஆனி, ஆடியில் வந்து இறங்குகிறார்கள். ஆற்றைப் பார்க்க அது நல்ல காலம். நீர் இருப்பு போதுமானால் மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாள் போல ஆகும். வாய்க்கால்களின் கடைக்கோடியான கடைமடைக்கு இன்னும் தாமதம். அணை திறந்தார்களா என்று ஊரில் விசாரித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். வெறும் மணலைக் காட்டி இதுதான் காவிரி என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. கல்யாணம் பார்க்க ஆசையிருந்தால் ஆவணி பிறக்க வேண்டும். சென்னையைவிடத் திருச்சியில் இறங்குவது உத்தமம். பயணத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

நான் எழுத வந்தது, நிலம் யார் பெயரில் என்று காட்டும் வருவாய்த்துறை ஆவணமான பட்டாவைப் பற்றி.

அப்பா போன பிறகு ஊருக்குப் போகும் எவரும், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கிளம்பும் முன்பே பாருங்கள். புல எண் (சர்வே எண்) தெரிந்தால் பட்டா, சிட்டா விவரத்தையும் வில்லங்கத்தையும் இணையத்திலேயே பார்க்கலாம். டெல்டாவில் பல குடும்பங்களில் அது இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தாத்தா பெயரிலிருந்து மாற்ற, தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், அவருடைய வாரிசுச் சான்றிதழ், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அவருடைய வாரிசுச் சான்றிதழ் என்று வரிசையாக வேண்டும். தாத்தாவின் இறப்பு அந்தக் காலத்தில் பதிவாகாமல் போயிருந்தால், ஓராண்டுக்கு மேல் கடந்த பதிவுக்குக் கோட்டாட்சியர் வரை போக வேண்டியிருக்கும். இதில் எதுவும் விடுமுறைக்குள் அடங்காது.

இன்னொன்று. வருவாய்த்துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூன் 30இல் முடிகிறது. அதையொட்டி மே, ஜூனில் தாலுகாதோறும் ஜமாபந்தி என்னும் வருவாய்க் கணக்குத் தணிக்கை நடக்கும். பட்டா மாறுதல் மனுவை அங்கே நேராகக் கொடுக்கலாம். ஜூலையில் வருகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஊரில் இருக்கும் ஒருவரை மனுவோடு முன்கூட்டியே அனுப்பிவையுங்கள்.

நான் போன அலுவலகத்தில், உதவியாளர் என் பாஸ்போர்ட்டையும் அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் அடுத்தடுத்து வைத்து, விரலை ஓட்டி எழுத்தெழுத்தாகப் படித்தார். சான்றிதழில் அப்பா பெயருக்கு முன் முதலெழுத்து இருந்தது. பாஸ்போர்ட்டில் அதே பெயர் என் குடும்பப் பெயராக, முதலெழுத்து இல்லாமல் நின்றது. "இது உங்கள் அப்பாதான் என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். அவர் கடமையைத்தான் செய்தார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் பக்கத்தில் இல்லாத மகனிடம் அதைக் கேட்டுவிட்டார். நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாருங்கள் என்றார். எழுதினேன். கிராம நிர்வாக அலுவலர் பக்கத்துக் கிராமத்தையும் சேர்த்துப் பார்ப்பவர். அவரைப் பிடிக்க அலைந்தேன். கும்பகோணத்தில் பிள்ளைகளோடு மகாமகக் குளம் பார்க்க வைத்திருந்த நாளும், திருவையாற்றில் அசோகா வாங்கித் தருவதாகச் சொன்ன நாளும் அந்த மரப்பெஞ்சில் போயின. வெளிநாட்டுச் சான்றிதழ், பாஸ்போர்ட், உள்ளூர் ஆவணம் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

அலுவலகத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். சித்தப்பாவின் நிபந்தனைதான் தாங்க முடியாததாக இருந்தது.

தாத்தாவின் வாரிசு மனுவில் அத்தையின் பெயர் வரக்கூடாது என்றார். "அவளுக்குத்தான் சீர் செனத்தியெல்லாம் செய்து அனுப்பியாகிவிட்டதே." ஆடிப்பெருக்கன்று, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் அத்தை கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்றும் நாள் குறித்துவிட்டார். அவரை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. அப்பாவைக் கடைசிவரை தூக்கி உட்கார வைத்து ஊட்டியவர் அவர். குறுவையும் சம்பாவும் பொய்த்த வருடங்களில் கடன் வாங்கி நட்டவரும் அவர்தான். ஊரில் இருந்தவரிடம் ஊரை விட்டுப் போனவன் எதைச் சொல்லி வழக்குப் பேசுவது?

ஆனால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மகளும் முதல் நிலை வாரிசு. பெயரை மறைத்து வாங்கும் வாரிசுச் சான்றிதழ் என்றைக்கிருந்தாலும் வழக்கில்தான் கொண்டுபோய் விடும்.

மன்னார்குடியில் அத்தை வீட்டுக்குப் போனபோது, சித்தப்பா கொடுத்தனுப்பிய பத்திரம் என் பைக்குள் இருந்தது. அத்தை வாழை இலை போட்டு, முருங்கைக்காய் சாம்பாரும் வாழைப்பூ வடையும் பரிமாறினார். நான் இரண்டாம் சோற்றுக்கு இலையைக் காட்டும்போது கேட்டார்: "கையெழுத்துக்காகத்தான் வந்தாயா தம்பி?" எனக்கு அடுத்த கவளம் இறங்கவில்லை. பத்திரத்தை வெளியே எடுக்காமலே திரும்பினேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அத்தை இருப்பார். ஊரில் கால் வைத்ததும், எந்தக் காகிதப் பேச்சும் தொடங்கும் முன், பூவும் பழமும் மட்டும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் ஒரு நாள் முழுக்க இருங்கள். சொத்துப் பேச்சு வரட்டும், வராமல் போகட்டும்.

சட்டத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் உண்டு. வெளிநாட்டில் வாழும் நாம், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் சரி, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் சரி, விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாமே தவிர விலைக்கு வாங்க முடியாது. விற்பதென்றாலும் இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்கலாம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால், 1955ஆம் ஆண்டுச் சட்டம் சாகுபடியாளருக்குத் தரும் பாதுகாப்பையும் வழக்கறிஞரிடம் கேட்டு வையுங்கள்.

திரும்பும் முன், உங்களுக்காக ஒருவர் செயல்பட அனுமதிக்கும் அதிகாரப் பத்திரத்தை ஊரிலேயே பதிவு செய்துவிடுங்கள். வெளிநாடு போய் எழுதினால் தூதரகச் சான்றொப்பம் வாங்கி, பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். யாருக்கு எழுதுவது என்பதை விமானத்துக்கு முந்தைய இரவு முடிவு செய்யாதீர்கள். நான் அத்தை மகன் பெயரில் எழுதினேன். சித்தப்பாவுக்கு வருத்தம்தான்; சாகுபடி அவரிடமே இருக்கும் என்று தனியாக எழுதிக் கொடுத்தேன். பட்டா மனுவைப் பின்தொடர்வதற்கு மட்டுமே அந்த அதிகாரம். விற்கும் உரிமை அதில் இல்லை. மனுவில் அத்தையின் பெயர் இருக்கிறது.