நெவாடாப் பாலையின் பழைய நிலத்தோற்ற வரைபடங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பிரமிட் ஏரிக்குக் கிழக்கே, வின்னமக்கா என்ற பெரிய ஏரியைப் பழைய வரைபடங்கள் நீல நிறத்தில் காட்டுகின்றன. டிரக்கி ஆற்று நீரைப் பாசனத்துக்குத் திருப்பிய டெர்பி அணை 1905-இல் கட்டி முடிக்கப்பட்டபின் வரத்துக் குறைந்து, 1930-களின் இறுதிக்குள் அந்த ஏரி வற்றிவிட்டது. வரைபடம் பொய் சொல்லவில்லை. அளவிடப்பட்ட ஆண்டின் நிலவரத்தையே சொல்கிறது.

ஆகவே, தாளின் மேல் தெரியும் ஆண்டை மட்டும் நம்புவதே முதன்மையான தவறு. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் இணையத்தில் இலவசமாகத் தரும் 1884 முதலான தாள்களின் ஓரக் குறிப்புகளில் கள அளவீடு, பதிப்பு, மறுஅச்சு ஆகியவற்றின் ஆண்டுகள் வேறுபடக்கூடும். மறுஅச்சு ஆண்டை நிலத்தின் ஆண்டாகக் கொண்டால், பல பத்தாண்டுகளுக்கு முந்தைய பாதையைப் புதியதென எண்ணிவிடுவோம். பிற்காலத் தாள்களில் ஊதா நிறத்தில் உள்ள திருத்தங்கள் வான்வழிப் படங்களைப் பார்த்துச் சேர்க்கப்பட்டவை. பொதுவாக அவை களத்தில் சரிபார்க்கப்படவில்லை.

ஊற்றுக் குறிகளை நம்பித் தண்ணீரின்றிச் செல்வது உயிருக்கே ஆபத்தானது. இப்பாலையில் ஊற்றைவிட முக்கியமான குறி வேறில்லை என்பேன். ஆனால் அந்தக் குறி, ஊற்றில் எவ்வளவு நீர் வரும், எந்த மாதத்தில் வரும், அது குடிக்கத் தக்கதா என்பவற்றில் எதையும் சொல்வதில்லை. விட்டுவிட்டு வரையப்பட்ட நீலக்கோடு ஆண்டு முழுவதும் ஓடாத ஓடையைக் குறிக்கிறது என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

ஆள்கூறுகளில் நேரும் பிழை கண்ணுக்குத் தெரியாதது. ஆள்கூறுகளைக் கணக்கிட ஆதாரமாகக் கொள்ளும் புவி அளவை முறைக்கு அளவை அடிப்படை (datum) என்று பெயர். 1927-ஆம் ஆண்டு வட அமெரிக்க அளவை அடிப்படையில் அமைந்த தாளிலிருந்து யூடிஎம் எண்களை (இடத்தை மீட்டரில் குறிக்கும் கட்டத்தின் ஆள்கூறுகளை) எடுத்து, அந்த அடிப்படையை மாற்றாமல் இன்றைய ஜிபிஎஸ் கருவியில் இட்டால், இப்பகுதியில் இடம் வடக்கு-தெற்காக ஏறத்தாழ 200 மீட்டர் விலகிவிடும். அடையாளமற்ற உப்புச் சமவெளியில் அந்த விலகலை உணர்த்த ஒரு பாறைகூட இராது. ஓரத்தில் அச்சிட்ட காந்த விலக்கத்தையும் (காந்த ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையிலான கோணத்தையும்) அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஆண்டுதோறும் மாறுவது, திசையில் ஒரு பாகை பிசகினால் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 17 மீட்டர் விலகுவோம்.

இறுதியாக, 1:2,50,000 அளவிலான தொடக்ககாலத் தாள்களைக் கணினியில் பெரிதாக்கி மலைச்சரிவை அளக்க முயல வேண்டாம். அவற்றின் சமஉயரக் கோடுகள், அளந்த சில புள்ளிகளுக்கு இடையே நில அளவையாளர் கண்ணால் கண்டு வரைந்தவை. பெரிதாக்கினால் கோடு தடிக்குமே தவிர, அவர் அளக்காத பள்ளத்தாக்கு அதில் தோன்றாது.